தெரு நன்றாகிவிட்டது, குடியிருந்தவர்களைக் காணோம்

#1 மரத்தடி

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடமாக ஒரு குடியிருப்போர் குழுவோடு அலைந்துகொண்டிருக்கிறேன். எங்கள் கோரிக்கை எளிமையானது. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், பூங்கா எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி நடக்கிறவர் வண்டியில் அடிபடாமல், வெயிலில் சுருண்டு விழாமல் வீடு வந்து சேர வேண்டும். இதை யார் எதிர்க்கப் போகிறார்கள் என்று நம்பித்தான் இறங்கினோம். போன மாதக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துவைத்து, அகலமான நடைபாதை இங்கே, நிழல்மரம் அங்கே, பெஞ்சு இங்கே என்று விளக்கி முடித்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். வாடகைக்கு இருப்பவர். “இதெல்லாம் கட்டி முடிக்கும்போது நாங்க இங்க இருப்போமா தம்பி?” என்றார்.

மேடையில் இருந்த ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நடந்து வாழத் தகுந்த பகுதியை உருவாக்கி, ஏற்கெனவே அங்கே இருந்தவர்களையும் தக்கவைத்த இடம் உலகத்தில் உண்டா? என்ன செய்தார்கள்? எங்கே சறுக்கினார்கள்? பொத்தாம்பொதுவாக வேண்டாம், ஊர் பேரோடு சொல்லுங்கள்.

#2 வரைபடக்காரன்

நகரமைப்புத் துறையில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். அந்த அம்மா கேட்டது நாங்கள் காலங்காலமாகத் தட்டிக்கழிக்கிற கேள்வி. சறுக்கிய கதையிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் பஞ்சமே இல்லை.

நியூயார்க்கின் ஹை லைன். 1980இல் கடைசி சரக்கு ரயில் ஓடிய உயரப் பாதை. 2009இல் அதன் முதல் பகுதி பூங்காவாகத் திறந்தது. உலகமே போய்ப் படம் எடுத்தது. அதன் நிழலிலேயே இரண்டு அரசுக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கிருந்தவர்கள் ‘இது நமக்கானது’ என்று நினைக்கவே இல்லை. சுற்றிலும் ஆடம்பர அடுக்குமாடிகள் முளைத்தன. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹேமண்ட் 2017இல் வாய்திறந்து ஒப்புக்கொண்டார்: வடிவம் எப்படி இருக்கலாம் என்று மக்களிடம் கேட்டோம், உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை என்று.

அட்லாண்டாவின் பெல்ட்லைன் இன்னும் பெரிய பாடம். ரயான் கிராவெல் மாணவராக 1999இல் எழுதிய ஆய்வேட்டில் பிறந்த யோசனை. பழைய ரயில் தடங்களைக் கோத்து நகரைச் சுற்றி சுமார் 35 கிலோமீட்டர் வளையம். 5,600 மலிவு வீடுகள் என்ற இலக்கும் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பாதை மளமளவென்று வந்தது, வீடு ஆமை வேகத்தில் வந்தது. 2016இல் கிராவெலே, சமத்துவத்துக்குப் போதிய அக்கறை இல்லை என்று திட்டத்தின் துணை அமைப்பிலிருந்து விலகினார். பெற்றவரே வெளியே வந்துவிட்டார்.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். நடந்து வாழத் தகுந்த இடம் நகரங்களில் அரிது, அரிதானதற்கு விலை ஏறும். பொதுப் பணத்தில் தெரு அழகாகிறது. அந்த அழகு போய் நிலத்தின் மதிப்பில் உட்காருகிறது. நிலம் வைத்திருப்பவர் சும்மா இருந்தே லாபம் பார்க்கிறார். வாடகைக்காரர் தன் வரிப்பணத்தில் நட்ட மரத்துக்குத் தானே மாதாமாதம் கூடுதல் வாடகையும் கட்டுகிறார். இதை ‘பசுமை மேட்டுக்குடியாக்கம்’ என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையாத சொல்தான். நல்லதாக ஒன்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

#3 கியர்பாக்ஸ்

அப்போ தெருவைக் குண்டும் குழியுமா வச்சிருந்தா ஏழைங்க நிம்மதியா இருப்பாங்கன்னு சொல்ல வர்றீங்களா சார்? நல்லா இருக்கே நியாயம்.

#4 வரைபடக்காரன்

கிண்டலாகக் கேட்டாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். கிட்டத்தட்ட அதையே சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. ஜெனிஃபர் வோல்ச்சும் இன்னும் இருவரும் 2014இல் எழுதிய கட்டுரை ஒன்று பிரபலம். விலை ஏற்றிவிடாத அளவுக்கு மட்டும் பசுமை செய்யுங்கள், பெரிய அடையாளப் பூங்காவுக்குப் பதில் சிறிய, பரவலான, அங்கிருப்பவர்களுக்குத் தேவையான வேலைகளைச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. வசதியானவர்கள் பகுதிக்கு முழு மரம், மற்றவர்களுக்கு அளவுச் சாப்பாடு மாதிரி அளந்து கொஞ்சம் நிழல் என்று ஆகிவிடுகிறது. வாடகையை அடக்க வழி தேடாமல் மரத்தை அடக்குகிறோம்.

#5 மூன்றாம்மாடி

நான் படித்து எழுதுபவள் இல்லை, அனுபவிச்சு எழுதுறேன்.

ஒரு பெரிய சாலை ஓரத்தில் மூன்றாம் மாடியில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து உள்தெருக்களில் கார் நுழையாதபடி பூந்தொட்டி வைத்து அடைத்தார்கள். பிள்ளைங்க தெருவில் விளையாட ஆரம்பிச்சது. பத்திரிகையில் படம் வந்தது. அந்த வண்டிகளெல்லாம் ஆவியாகவில்லை, எங்க ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றன. உள்தெருவில் சொந்த வீட்டுக்காரர்கள், சாலை ஓரத்தில் வாடகைக்காரர்கள். இது தற்செயல் இல்லை. எந்த நகரத்திலும் புகையும் சத்தமும் அதிகம் இருக்கிற இடத்தில்தான் வாடகை குறைவு. வாடகை குறைவான இடத்தில்தான் நாங்க இருக்க முடியும்.

லண்டனில் தென்கிழக்குப் பகுதியில் இப்படி ஒரு சாலைக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒன்பது வயதுக் குழந்தை கடும் ஆஸ்துமாவால் 2013இல் இறந்தது. காற்று மாசும் சாவுக்கு ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்த நாட்டில் அப்படி எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியைப் படித்த நாள் என் பிள்ளையின் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தெருவை அடைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடைக்கிற தெருவின் படத்தைக் காட்டும்போது, வண்டி போய்ச் சேரும் தெருவின் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

#6 கணக்குப்பிள்ளை

மூன்றாம்மாடி அக்கா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ‘இதெல்லாம் பணக்காரத் தெருக்களுக்கு மட்டும்தான்’ என்ற முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது என்பதற்காக ஒரு தகவல். அக்கா சொன்னது போல உள்தெருக்களில் வண்டி கடந்துபோக முடியாமல் அடைத்த இடங்களுக்கு லண்டனில் ‘குறைந்த போக்குவரத்துப் பகுதி’ என்று பெயர். 2020இல் அங்கே வந்த அப்படிப்பட்ட பகுதிகளை ரேச்சல் ஆல்ட்ரெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2021இல் ஆராய்ந்தார்கள். மிக வறிய கால்வாசிப் பகுதிகளில் இருப்பவர்கள் அப்படியொரு பகுதிக்குள் இருக்கும் வாய்ப்பு, மிக வசதியான கால்வாசியைவிட 2.7 மடங்கு அதிகமாக இருந்தது. மொத்த நகரத்துக்கான கணக்கு இது. ஒரே பேட்டைக்குள் உள்தெருவுக்கும் பெரிய சாலைக்கும் உள்ள வேறுபாடு இதில் மறைந்துவிடும், அது வேறு விஷயம்.

இன்னொரு எண். பார்சிலோனாவில் ஒன்பது கட்டடத் தொகுதிகளைச் சேர்த்து, சுமார் 400 மீட்டர் சதுரமாக்கி, கடந்துபோகும் வண்டிகளை வெளியே திருப்பிவிடுவதற்கு ‘சூப்பர் பிளாக்’ என்று பெயர். சால்வடோர் ருவேடாவின் யோசனை. திட்டமிட்ட 503 சூப்பர் பிளாக்குகளையும் செய்து முடித்தால் ஆண்டுக்கு 667 அகால மரணங்களைத் தவிர்க்கலாம் என்று அங்குள்ள சுகாதார ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. 503ஐயும் செய்தால். கைவிரல் விட்டு எண்ணுகிற அளவில் செய்தால் அந்தச் சில இடங்கள் நகைக்கடை மாதிரி ஆகிவிடும். #2இல் அண்ணன் சொன்ன அரிது என்ற வாதம் இங்கேதான் பொருந்துகிறது. எல்லாத் தெருவும் நடக்கத் தகுந்ததாக இருந்தால் எந்தத் தெருவும் அதற்காக விலை ஏறாது.

#7 நடுநிலை_நாயகன்

பதினைந்து நிமிட நகரம் என்பதே மக்களை அவரவர் வட்டத்துக்குள் அடைத்துவைக்கும் சதி என்று காணொளி பார்த்தேன். யாராவது விளக்க முடியுமா?

#8 கணக்குப்பிள்ளை

விளக்கம் சின்னது. பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்தது, தேவையானதெல்லாம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையிலோ சைக்கிளிலோ கிடைக்க வேண்டும் என்பது. 2020 தேர்தலில் பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ அதைக் கையில் எடுத்தார். வெளியே போகக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. 2023இல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்களை நெறிப்படுத்தும் வேறொரு திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அந்தக் காணொளியின் மூலம் அதுதான்.

நியாயமான விமர்சனம் வேறு இருக்கிறது: காலையில் அந்தப் பதினைந்து நிமிட வட்டத்துக்குள் வந்து கூட்டிப் பெருக்கி, பிள்ளை பார்த்து, மூட்டை தூக்கும் ஆள் எங்கே குடியிருக்கிறார்? அவருக்கு அந்த வட்டம் ஒன்றரை மணி நேரம்.

#9 மட்டுறுத்துநர்

சதி பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது. இங்கே தொடர வேண்டாம்.

#10 வெள்ளைக்கோல்

எனக்குப் பார்வை கிடையாது. நீங்கள் எழுதுவதை மென்பொருள் வாசித்துக் காட்டுகிறது. இதுவரை வந்த ஒன்பது பதிவிலும் ‘நடப்பவர்’ என்றால் இரண்டு கண்ணும் இரண்டு காலும் சரியாக இருக்கிற ஒரு ஆள்தான் நடக்கிறார்.

‘எல்லோருக்குமான தெரு’ என்று ஒரு நாகரிகம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நடைபாதைக்கும் சாலைக்கும் இருக்கிற விளிம்புக்கல்லை எடுத்துவிட்டு, ஒரே மட்டமாக்கி, சிக்னலையும் அகற்றி, ஓட்டுநரும் நடப்பவரும் கண்ணால் பேசிக்கொள்ளட்டும் என்றார்கள். கண்ணால்! அந்த விளிம்புதான் எனக்குச் சுவர். என் கோல் அதைத் தட்டித்தான், இதுக்கு மேல் வண்டி என்று தெரிந்துகொள்ளும். பிரிட்டனில் பார்வையற்றோர் வருடக்கணக்கில் கத்தின பிறகு, 2018இல் அரசே ஒரே மட்டத் திட்டங்களை நிறுத்திவைக்கச் சொன்னது. அதற்குள் எத்தனையோ சதுக்கங்கள் கட்டி, பரிசும் வாங்கியாகிவிட்டது.

மாறாக, ஒரு நல்ல விஷயம் எப்படி வந்தது பாருங்கள். ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965இல், பார்வை மங்கிக்கொண்டிருந்த நண்பருக்காகப் புடைப்புள்ள தரைக்கல்லைச் செய்தார். 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ரயில் நிலையங்களில் நீங்கள் மிதித்துக்கொண்டு போகிற மஞ்சள் கல் அதுதான். நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். இதைத் தெரிந்துகொள்ளாமல், மஞ்சள் அழகாக இருக்கிறது என்று பதிப்பவர்களும் உண்டு. நேராக ஒரு விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் என்னை முட்டவிட்ட ‘உலகத் தர’ நடைபாதை ஒன்று எனக்குத் தெரியும். நெற்றித் தழும்பு இன்னும் இருக்கிறது.

மரத்தடி தம்பி, உங்கள் வரைபடத்தை யாராவது எனக்குச் சொல்லால் விவரிக்க முடியுமா? முடியாது என்றால் அந்தக் கூட்டத்துக்கு நான் வந்திருந்தும் வராத மாதிரிதான்.

#11 பழையபேருந்து

வெள்ளைக்கோல் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிக்னலில் நடப்பவருக்குப் பச்சை எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? பல நாடுகளில் நொடிக்கு சுமார் 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். முழங்கால் தேய்ந்த வயதானவர் அந்த வேகத்தில் நடக்க மாட்டார். நடுச்சாலையில் நிற்கும்போது சிவப்பு விழும். பிறகு வீட்டை விட்டே வரமாட்டார், நாமும் ‘முதியவர்கள் நடப்பதில்லை’ என்று அறிக்கை எழுதுவோம். சிங்கப்பூரில் 2009 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. முதியவரோ மாற்றுத்திறனாளியோ தன் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை சில நொடிகள் கூடுதலாக எரியும். சாலையின் அகலத்தைப் பொறுத்து 13 நொடி வரை. தெருவை இடிக்காமல், மரம் நடாமல், யார் வாடகையும் ஏறாமல் கிடைக்கிற நீதி.

நடைமேம்பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஒரே வரி: நடப்பவனை மாடி ஏறவிட்டு, காருக்குத் தரையைக் கொடுப்பதற்கு ‘பாதசாரி வசதி’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் நடந்ததே இல்லை.

#12 கியர்பாக்ஸ்

சரி, நானும் என் பக்கத்தைச் சொல்லிடறேன். கார்க்காரன்னாலே வில்லன் மாதிரி பேசறோம். எங்க அப்பாவுக்குப் பக்கவாதம். வாசல்ல கார் நிக்கலைன்னா அவர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. பூந்தொட்டி வச்சு அடைச்ச தெருவுல ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டு வரணும். அதுக்கு யார் பதில் சொல்வாங்க?

#13 வரைபடக்காரன்

நியாயமான கேள்வி. உங்கள் அப்பாவுக்கு வாசலில் கார் நிற்க இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. இழுத்துத் திறக்கிற கட்டைகள், ஊனமுற்றோருக்கான ஒதுக்கிடம் எல்லாம் அதற்குத்தான். அவருக்கு இடம் கிடைக்காமல் போவது பூந்தொட்டியால் இல்லை. நாள் முழுக்க நகராமல் நிற்கிற மற்ற நாற்பது கார்களால்.

ஒரு கார் நிறுத்த ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வேண்டும், உள்ளே வர, திரும்ப இடம் தனி. பல நகரங்களில் புதுக் கட்டடம் கட்டினால் இத்தனை கார் நிறுத்த இடம் கட்டாயம் என்று விதியே உண்டு. டொனால்ட் ஷூப் என்ற பொருளியலாளர் ஆயுள் முழுக்க இந்த ஒரு விதியைப் பற்றித்தான் எழுதினார். கார் இல்லாதவரும் தன் வாடகையில் அந்த இடத்துக்குப் பணம் கட்டுகிறார் என்பது அவர் வாதத்தின் மையம். 2017இல் அமெரிக்காவின் பஃபலோ நகரம் முழுக்க இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. என்னைக் கேட்டால், ஒரு மரம் நடுவதற்கு முன் திருத்த வேண்டிய விதி இது. ஆனால் விதியைத் திருத்தினால் ரிப்பன் வெட்ட முடியாதே.

#14 மூன்றாம்மாடி

கியர்பாக்ஸ் தம்பி, உங்க அப்பாவைப் பார்த்துக்கிறது யாரு? கோபமா கேட்கல. அவரைக் கூட்டிட்டுப் போறது, பிள்ளையைப் பள்ளியில் விடறது, வழியில் மருந்து வாங்கறது, இதெல்லாம் ஒரே நடையில் போற ஆளைப் பற்றித்தான் கேட்கிறேன்.

வியன்னாவில் 1999இல் மக்களிடம் தினசரிப் பயணம் பற்றிக் கேட்டார்களாம். ஆண்கள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்: காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு. பெண்கள் எழுதி முடிக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே நடைபாதையை அகலமாக்கி, விளக்கு கூட்டி, படிக்கட்டு உள்ள இடத்தில் குழந்தை வண்டி ஏற சாய்தளம் போட்டது. ஈவா காயில் என்ற திட்டமிடுநர் இதற்காகவே பல வருஷம் உழைத்தவர். நேர்கோட்டில் வேலைக்குப் போகிற ஆளுக்காக வரைந்த நகரத்தில், வளைந்து வளைந்து நாலு வேலை பார்க்கிறவளுக்குத் தெருவே இல்லை.

#15 கியர்பாக்ஸ்

அம்மாதான் பார்த்துக்கிறாங்க. நீங்க சொன்னது புரியுது அக்கா.

#16 பழையபேருந்து

மரத்தடி ஊர்ப்பேரோடு கேட்டதால் தென்கொரியத் தலைநகர் சோலின் கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நகரத் திட்டமிடல் பற்றி யார் பேசினாலும் சியோங்கியேசியோன் ஓடையைக் காட்டுவார்கள். ஓடையை மூடி, அதன் மேல் விரைவுச்சாலை கட்டியிருந்தார்கள். 2003இல் அதை இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். கோடையில், சில தெரு தள்ளி இணையாக ஓடும் சாலையைவிட 3.3 முதல் 5.9 டிகிரி வரை குளிர்ச்சி. நடப்பவர்களுக்குச் சொர்க்கம். நானும் புகழ்ந்திருக்கிறேன்.

அந்தச் சாலையின் அடியிலும் ஓரத்திலும் ஆயிரக்கணக்கில் தெருவோர வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்தி, ஒரு பகுதியினருக்குப் பக்கத்தில் இருந்த டோங்டேமுன் விளையாட்டரங்கத்துக்குள் இடம் கொடுத்தார்கள். அங்கே ஒரு சந்தை உருவாகி, ஆள் வர ஆரம்பித்தது. சில வருடத்திலேயே அந்த அரங்கத்தையும் இடித்தார்கள், வடிவமைப்புக்குப் பேர்போன கட்டடம் ஒன்று கட்ட. மறுபடி மூட்டை கட்டினார்கள். இன்னும் பின்னால் போனால், ஓடையை மூடிய காலத்தில் அதன் கரையில் குடிசை போட்டிருந்தவர்களும் நகரத்துக்கு வெளியே துரத்தப்பட்டவர்களே. ஓடையை மூடினாலும் அவர்கள்தான் போக வேண்டும், திறந்தாலும் அவர்கள்தான் போக வேண்டும்.

இதற்கு நேர் எதிர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார்விக் சந்திப்பு. இனவெறி ஆட்சி முடிந்த பிறகு, 1990களின் பிற்பகுதியில் நகராட்சி அதிகாரிகள் தெரு வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசியே அந்த இடத்தை மாற்றினார்கள். பாதியில் நின்றுபோன நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் மூலிகை வியாபாரிகளுக்குச் சந்தை அமைந்தது. நடப்பவர் போகும் வழியும் வியாபாரி உட்காரும் இடமும் ஒன்றையொன்று மிதிக்காமல் வரையப்பட்டன. அங்கேயும் 2009இல் காலைச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்ட முயற்சி நடந்தது. வியாபாரிகள் போராடி நிறுத்தினார்கள். ஒரு தடவை வாங்கிய நீதியைக் காவல் காக்கவும் ஆள் வேண்டும்.

#17 நடுநிலை_நாயகன்

நடைபாதையை அடைத்துக்கொண்டு கடை போட்டால் வெள்ளைக்கோல் போன்றவர்கள் எப்படி நடப்பது? அதுவும் அநீதிதானே?

#18 வெள்ளைக்கோல்

என் பேரை வைத்து அவர்களை விரட்ட வேண்டாம். கடை தினமும் ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு அது வழிகாட்டி. வாசனையை வைத்து, குரலை வைத்து எந்த முனையில் நிற்கிறேன் என்று கண்டுபிடிப்பேன். வழி கேட்டால் சொல்லவும் அங்கேதான் ஆள் இருக்கும். திடீரென்று ஏறி நிறுத்திய மோட்டார் சைக்கிளும் படுத்துக் கிடக்கிற வாடகை ஸ்கூட்டரும்தான் என் காலை உடைக்கின்றன. வியாபாரிக்குக் கோடு போட்டு இடம் கொடுங்கள், எனக்கு இரண்டு மீட்டர் விடுங்கள். முடிந்தது.

#19 கணக்குப்பிள்ளை

ஒரு கிளைக்கேள்விக்கு எண்ணோடு பதில். மரம் நடுவதில் என்ன நீதி அநீதி என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார்.

அமெரிக்காவில் 1930களில் அரசு வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்களும் வந்தேறிகளும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. முதலீடு வரவில்லை, மரம் வரவில்லை, பின்னாளில் நெடுஞ்சாலைகள் வந்தன. 108 நகர்ப்புறங்களை 2020இல் ஆராய்ந்தபோது, அன்று சிவப்பில் இருந்த பகுதிகள் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தில் இருப்பது தெரிந்தது. தொண்ணூறு வருடத்துக்கு முன் யாரோ மேசையில் தீட்டிய வண்ணம் இன்றைக்கு ஒருவர் தலைமேல் வெயிலாக இறங்குகிறது.

இன்னொரு எரிச்சல். ஒரு பகுதி எவ்வளவு நடக்கத் தகுந்தது என்று மதிப்பெண் போடும் ‘வாக் ஸ்கோர்’ 2007இல் வந்தது. 2014இல் அதை வாங்கியது யார்? வீடு விற்கும் இணைய நிறுவனம் ஒன்று. நடையை அளக்கிற கோல் எங்கே போய்ச் சேர்ந்தது பார்த்தீர்களா. காசில்லாமல் தினம் எட்டு கிலோமீட்டர் நடக்கிற ஆள் அந்த மதிப்பெண்ணில் எங்கும் இல்லை.

#20 மரத்தடி

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். சறுக்கியதெல்லாம் புரிகிறது. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது?

#21 வரைபடக்காரன்

மூன்று வழி தெரியும். மூன்றும் நிலத்தைப் பற்றியவை, தெருவைப் பற்றியவை அல்ல.

முதலாவது வியன்னா வழி. 1920களிலேயே வசதியானவர்கள் அதிகம் கட்டும்படி வீட்டு வரி போட்டு, நகராட்சியே வீடு கட்ட ஆரம்பித்தது. இன்றைக்கு நகராட்சிக்குச் சொந்தமாக மட்டும் சுமார் 2,20,000 வீடுகள். அதுபோக லாப வரம்புள்ள சங்கங்களின் வீடுகள். அங்கே ஒரு தெருவை நடக்கத் தகுந்ததாக்கினால் குடியிருப்பவர் பயப்பட வேண்டிய அவசியம் குறைவு, வாடகையைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. நூறு வருட உழைப்பு, நாளைக்கே வராது.

இரண்டாவது சமூக நில அறக்கட்டளை. நிலம் அறக்கட்டளையின் பெயரில், வீடு மட்டும் குடியிருப்பவருக்கு. விற்கும்போது ஒரு வரம்புக்கு மேல் விலை வைக்க முடியாது. 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கியது. 1984இல் வெர்மான்ட்டின் பர்லிங்டனில் நகராட்சி உதவியோடு ஊர் அளவில் இது தொடங்கியது. குறை என்னவென்றால், நிலம் விலை ஏறுவதற்கு முன்பே வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு வாங்கப் போனால் நீங்களே விலையை ஏற்றிவிடுவீர்கள்.

மூன்றாவது வழி, எது முதலில் என்ற வரிசையை மாற்றுவது. வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றின் மேல் பழைய பாலத் தூண்களில் பூங்கா ஒன்று திட்டமிட்டார்கள், 11வது தெருப் பாலப் பூங்கா. ஒரு பக்கம் வசதியான பகுதி, மறுபக்கம் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழ்மையான பகுதி. ஹை லைன் கதை தெரிந்தவர்கள் என்பதால், கட்டத் தொடங்கும் முன்பே, 2015இல், வீடு, வேலை, சிறுதொழில் ஆகியவற்றுக்குத் தனித் திட்டம் வெளியிட்டார்கள். முதல் வீடு வாங்குவோருக்கான குழு, நில அறக்கட்டளை எல்லாம் பூங்காவுக்கு முன்னால் வந்துவிட்டன. தப்பிக்குமா தெரியாது, தீர்ப்புச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கேள்வியை முதல் பக்கத்தில் வைத்து எழுதிய திட்டம் அது.

#22 மூன்றாம்மாடி

அறக்கட்டளை, வரம்பு எல்லாம் சரி. கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் வாய்வார்த்தையில் குடியிருக்கிறவளுக்கு இதில் எது பொருந்தும்? நான் பதினோரு வருஷமும் அப்படித்தான் இருந்தேன். காலி பண்ணச் சொன்னபோது, நான் அங்கே இருந்தேன் என்பதற்கே அத்தாட்சி இல்லை. முதலில் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள்.

#23 மரத்தடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டோம். முன்பு வீடு வீடாகக் கொடுத்த படிவத்தில் முதல் கேள்வி, எந்த வகை மரம் பிடிக்கும் என்பது. அதைத் தூக்கிவிட்டு வேறு படிவம் போட்டிருக்கிறோம். அந்த அம்மாதான் எங்களோடு கதவு தட்ட வருகிறார். அவர் இருந்தால் கதவு திறக்கிறது, அதை முதல் நாளே கண்டுகொண்டோம். மூன்றாம்மாடி அக்கா சொன்னது போல, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர்கள்தான் தெருவுக்குத் தெரு அதிகம். படிவத்தின் படத்தை இணைத்திருக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

#24 வெள்ளைக்கோல்

‘படம்’ என்று மட்டும்தான் என் மென்பொருள் வாசிக்கிறது தம்பி.

#25 மரத்தடி

ஐயோ, தப்புதான் அண்ணே. எழுத்திலேயே போடுகிறேன்.

1. இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? வாடகை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் உண்டா?
2. நேற்று எங்கெல்லாம் நடந்தீர்கள்? யாரைக் கூட்டிக்கொண்டு, எதைத் தூக்கிக்கொண்டு?
3. நடக்க முடியாமல் திரும்பிய இடம் எது? ஏன்?
4. உங்கள் ஜன்னலுக்குக் கீழே எந்தத் தெரு?
5. வீட்டில் இருந்தும் வெளியே வராதவர் யாராவது உண்டா? அவரிடம் நாங்கள் நேரில் பேசலாமா?
6. வாடகை ஏறினால் எந்தப் பக்கம் போவீர்கள்?

#26 வெள்ளைக்கோல்

இப்போது கேட்டது. ஐந்தாவதை முதலாவதாக்குங்கள்.